பரணில் கிடைத்த கும்பினிக் கைத்துப்பாக்கியைப் புதுப்பிக்கலாமா?

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பூர்வீக வீட்டைப் பிரித்தபோது பரணில் தகரப் பெட்டிக்குள் ஒரு பழைய கைத்துப்பாக்கி கிடைத்ததாம். பக்கத் தகட்டில் பின்னங்காலில் நிற்கிற சிங்கம், முன்னங்கால்களில் கிரீடம். முதலில் சக்கிமுக்கிக் கல் வைத்துச் சுடும் வகையாக இருந்து, பிறகு கேப்பு (அடித்தால் பொறி தரும் சிறு உலோக மூடி) போடும் வகையாக மாற்றப்பட்டது போல் தெரிகிறது. உள்ளே ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது, கட்டையில் விரிசல், குழல் முழுக்கத் துரு. பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் வெள்ளைக்காரனிடமிருந்து பிடுங்கியது என்று வீட்டில் சொல்வார்களாம். பழம்பொருள் வேலை செய்யும் ஒருவர், "பளபளவென்று ஆக்கி, மறுபடியும் கல் வைக்கும் துப்பாக்கியாகவே மாற்றித் தருகிறேன், நல்ல விலை போகும்" என்றிருக்கிறார். கொடுக்கலாமா, இதை வைத்தே பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகள் சேகரிக்க ஆரம்பிக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள். காரணங்களைச் சொல்வதற்கு முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, அது மருந்து கெட்டித்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வழி மருந்து போட்டுத் திணிக்கிற துப்பாக்கிகளில், கெட்டித்து வைத்துச் சுடாமலே விட்டவை நிறைய உண்டு. கருமருந்து நனையாமல் இருந்தால் நூறு, நூற்றைம்பது வருஷம் கழித்தும் பற்றும். குதிரையை, அதாவது விசையை அழுத்தினால் வந்து அடிக்கும் பாகத்தை, தொடாதீர்கள், கேப்பு எதையும் மாட்டாதீர்கள். குழலின் வாய் யாரையும் பார்க்காதபடி, உங்கள் கையும் முகமும் அதன் நேரே வராதபடி வைத்துக்கொண்டு, ஒரு மெல்லிய மரக்குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். எதுவரை போகிறதோ அங்கே குழல் வாயோரம் குச்சியில் பேனாவால் ஒரு கோடு. குச்சியை வெளியே எடுத்து, அந்தக் கோடு வாயருகே இருக்கும்படி குழலுக்கு வெளிப்பக்கம் சேர்த்து வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, கேப்பு மாட்டுகிற சிறு முனையான நிப்பிள் இருக்கும் இடம்வரை வந்தால் குழல் காலி. அதற்கு ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக்கூடாக இருக்கலாம், ஈயக்குண்டாகவும் இருக்கலாம். கம்பியை விட்டுக் குத்துவதோ, சூடு காட்டுவதோ, நீங்களே தோண்டி எடுப்பதோ கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்காரர் செய்ய வேண்டிய வேலை அது.

இரண்டாவது சட்டம். "பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். வழக்கொழிந்த வடிவமுள்ளதோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ ஆன ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அதோடு ஒரு வாலும் சேர்ந்திருக்கிறது: பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்படாததாக இருக்க வேண்டும். ஒடிந்த ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும் என்ற நிலையில் இருக்கிற துப்பாக்கிக்கு, ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது என்பதைக் காரணம் காட்டி விலக்குக் கேட்க முடியாது. ஆகவே வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளாமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில், முடிந்தால் ஒரு வழக்கறிஞரோடு போய், எழுத்து மூலம் தெரிவியுங்கள். துப்பாக்கியைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். படங்கள் போதும்.

உங்களுக்கு வேலை செய்து தருகிறேன் என்றவரிடம் இந்த விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். அவரிடம் அது இருக்கிறதா? நம் நாட்டில் பழைய துப்பாக்கியைச் சுடும் நிலைக்குக் கொண்டுவருவது அழகு சார்ந்த முடிவு மட்டுமே என்று நினைக்க முடியாது. சும்மா கிடந்த ஒரு பொருளை நீங்களே ஆயுதமாக்குகிறீர்கள்.

சரி, இப்போது துப்பாக்கிக்கு வருவோம்.

அந்தச் சிங்கம் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் அடையாளம். கம்பெனி தன் படைகளுக்கான துப்பாக்கிகளை லண்டன், பர்மிங்காம் பட்டறைக்காரர்களிடம் செய்து வாங்கியது. ஆரம்பத்தில் அவற்றின் தகட்டில் இதய வடிவத்துக்குள் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளும், மேலே நான்கு என்ற எண்போல ஒரு குறியும் இருக்கும். கம்பெனியின் சரக்கு மூட்டைகளில் போட்ட அதே முத்திரை. 1808இல் அதை விட்டுவிட்டுக் கிரீடம் பிடித்த சிங்கத்துக்கு மாறினார்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் நடத்திய போர் முடிந்தது 1801இல். ஆக, பின்னால் யாராவது தகட்டை மட்டும் மாற்றியிருந்தாலொழிய, உங்கள் கையில் இருப்பது பாஞ்சாலங்குறிச்சித் துப்பாக்கியாக இருக்க முடியாது.

இதைக் கேட்டு மனம் தளராதீர்கள். வீட்டுக் கதையைத் தூக்கியெறியவும் வேண்டாம். யார் சொன்னது, எந்தத் தலைமுறையிலிருந்து சொல்லப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதித் துப்பாக்கியோடு வையுங்கள். ஆனால் பொருள் சொல்வதும் குடும்பம் சொல்வதும் முரண்பட்டால், சேகரிப்பவர் பொருளின் பக்கம்தான் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்தப் பொருள் சொல்கிற கதை எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

எப்படி என்று சொல்கிறேன். கல் வைத்த துப்பாக்கியில், குதிரையின் வாயில் கவ்வியிருக்கும் கல் ஓர் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். பொறி கீழே உள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழுந்து, பக்கத்துத் துளை வழியாகக் குழலுக்குள் நெருப்புப் போகும். மழைக்காலத்தில் கிண்ணத்து மருந்து நனைந்தால் அவ்வளவுதான். கேப்பு வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது. கும்பினிப் படைகள் 1840களில் கேப்புக்கு மாறின. பழைய துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் கிண்ணத்தையும் எஃகுத் தகட்டையும் கழற்றிவிட்டு, நெருப்புப் போகும் துளையைப் பெரிதாக்கி மரை வெட்டி, சின்ன இரும்பு உருளை ஒன்றைத் திருகி, அதன்மேல் நிப்பிளை வைத்தார்கள். கல் கவ்வும் குதிரைக்குப் பதில் சுத்தியல் மாதிரித் தலையுள்ள குதிரை வந்தது.

நீங்கள் அனுப்பிய படத்தில் இதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. தகட்டின் முன்பாதியில் மூன்று சிறு வட்டங்கள், சுற்றியுள்ள இரும்பைவிட ஒரு சாயல் வெளிறி இருக்கின்றன. எஃகுத் தகடும் அதன் ஸ்பிரிங்கும் மாட்டியிருந்த திருகாணித் துளைகளை இரும்பால் அடைத்து, மட்டமாக அராவியிருக்கிறார்கள். குதிரையைப் பாருங்கள். அதன் கழுத்து வளைவு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இல்லை, அரத்தின் கோடுகள் அப்படியே நிற்கின்றன. கம்பெனியின் ஆயுதக் கிடங்கில் நூற்றுக்கணக்கில் மாற்றியவற்றில் குதிரைகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். இது அப்படியில்லை. ஏதோ ஓர் ஊர்க் கொல்லர், கேப்புத் துப்பாக்கி ஒன்றைப் பார்த்துவிட்டுத் தன் உலையில் அடித்துச் செய்த குதிரை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பர்மிங்காமிலோ லண்டனிலோ பிறந்து, கும்பினிச் சேவகம் முடித்து, எப்படியோ கைமாறி, நம் ஊர்ப் பட்டறையில் இரண்டாம் பிறவி எடுத்த துப்பாக்கி. அந்தக் கொல்லரின் பெயர் எங்கும் இல்லை. அவர் செய்த குதிரை மட்டும் இருக்கிறது.

"மறுபடி கல்லுக்கே மாற்றுவது" என்றால் அந்தக் குதிரையைக் கழற்றி எறிவது, உருளையைப் பிடுங்கித் துளையைப் புஷ் போட்டுச் சிறிதாக்குவது, தகட்டில் மறுபடி துளை போடுவது, நேற்று வார்த்த கிண்ணத்தையும் எஃகுத் தகட்டையும் மாட்டி, அமிலம் தடவிப் பழசாக்குவது. இந்த மறுமாற்றம் உலகமெங்கும் நடக்கிறது, ஏனென்றால் கல் வைத்த துப்பாக்கிக்குச் சந்தையில் விலை அதிகம். ஆனால் பழகிய கண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். குழலின் பின்புறம் கேப்பின் புகையால் அரித்துப் போயிருக்கும், பக்கத்திலேயே புதிய எஃகுத் தகடு மழமழவென்று நிற்கும். அப்புறம் அது கல் துப்பாக்கியும் இல்லை, கேப்புத் துப்பாக்கியும் இல்லை. இருந்த இரண்டு காலத்தையும் அழித்துவிட்டு இல்லாத மூன்றாவது ஒன்றை உண்டாக்குகிறோம். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி சிங்கம் போட்ட ஒரு பக்கத் தகடு, தகடு மட்டும், பழைய இரும்புக் குவியலில் எனக்குக் கிடைத்தது. கன்னங்கரேலென்று இருந்தது. சுத்தம் செய்தால் நன்றாகத் தெரியுமே என்று ஒரு பாலிஷ் பட்டறையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கண்ணாடி போல வந்தது. சிங்கத்தின் வால் இல்லை. கிரீடம் ஒரு புள்ளியாக மிஞ்சியிருந்தது. நாலு ஓரமும் மழுங்கி, வாயில் வைத்துச் சப்பிய மிட்டாய் போல ஆகியிருந்தது. உளியால் முத்திரை குத்தும்போது இரும்பு பிதுங்கி, முத்திரையைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வரம்பு எழும்பும். விரலால் தடவினால் உணரலாம். அந்த வரம்புதான் மேற்பரப்பு அசல் என்பதற்குச் சாட்சி. ஒருமுறை போனால் வராது. அந்தத் தகடு இன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. யாராவது துப்பாக்கியைக் கொண்டுவந்து "பாலிஷ் போடலாமா" என்று கேட்டால் முதலில் அதை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பேன்.

அப்படியானால் எதையுமே செய்யக் கூடாதா? செய்ய வேண்டியது இருக்கிறது. துருவில் இரண்டு வகை. கரும்பழுப்பாக, இறுகி, தடவினால் வழவழப்பாக இருப்பது அடங்கிய துரு. அது இரும்புக்குத் தோல் மாதிரி, விட்டுவிடுங்கள். ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைத் துணியால் ஒற்றினால் பொடியாக ஒட்டிக்கொண்டு வருவது உயிருள்ள துரு. அது தின்றுகொண்டே இருக்கும், அதை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் மட்டும் தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டு வைத்து இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு ஒரு பழைய செம்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மென்மை, கீறாது. துடையுங்கள், மறுபடி எண்ணெய், மறுபடி சுரண்டல். ஒரு குழலுக்கு ஒரு மாதம் ஆகலாம், ஆகட்டும். கடைசியில் நன்றாகத் துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். ரினைசன்ஸ் வேக்ஸ் என்று ஒன்று கிடைக்கிறது. 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவானது, அருங்காட்சியகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. கடுகளவு போதும். உப்புத்தாள், அரம், துரு நீக்கும் அமிலக் கரைசல், மூன்றும் பக்கத்திலேயே வரக் கூடாது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அதுதான் கைக்கு வரும். நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் வருத்தப்படக் கூடாது. ஆயுத பூஜைக்குப் பித்தளைப் பாகங்களைப் புளி போட்டுத் தேய்ப்பதும், சந்தனம் குங்குமம் வைத்து அப்படியே விட்டுவிடுவதும் இந்தத் துப்பாக்கிகளை வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கின்றன. சந்தனம் காய்ந்த இடத்துக்குக் கீழே வட்டமாக இரும்பு குழிந்துபோன துப்பாக்கிகளை நான் பார்த்திருக்கிறேன். பூஜை செய்யுங்கள், தாராளமாக. துப்பாக்கியை ஒரு துணியில் சுற்றி வைத்து, பொட்டைத் துணியின் மேல் வையுங்கள்.

கட்டையில் உள்ள விரிசல் பரவாமல் தடுக்க வஜ்ஜிரப் பசை போதும். ஆசாரிமார் முன்பு பயன்படுத்திய அதே வஜ்ஜிரம். வெந்நீர் பட்டால் இளகிவிடும் என்பதுதான் அதன் பெருமை. நாளைக்கு உங்களைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர் வந்தால் உங்கள் வேலையைக் கழற்றிவிட்டுச் செய்யலாம். அரால்டைட் மாதிரிப் பசைகளில் அந்த வசதி கிடையாது. கட்டையை இழைப்பதும் வார்னிஷ் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். தகட்டுக்கும் கட்டைக்கும் இடையில் மயிர்கூட நுழையாதபடி அன்று பொருத்தியிருப்பார்கள். ஒரு நூல் அளவு இழைத்தாலும் இரும்பு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். புதுப்பித்த துப்பாக்கியைக் காட்டிக்கொடுக்கும் முதல் இடம் அதுதான்.

ஒடிந்த ஸ்பிரிங்கை ஒரு சிறு உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். புதிதாக எதுவும் போட வேண்டாம். சுடப் போவதில்லை, ஸ்பிரிங்குக்கு வேலையில்லை.

புதுப்பிப்பதே சரி என்ற சந்தர்ப்பமும் உண்டு. யாரோ ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டிருந்தால் அதை எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். காணாமல் போன ஒரு திருகாணியால் தகடு ஆடிக்கொண்டிருந்தால் புதிதாகச் செய்து போடலாம். அதன் உட்பக்கத்தில், யார் பார்த்தாலும் புதியது என்று தெரியும்படி ஆண்டைப் பொறித்துவிட வேண்டும். என் கணக்கு இரண்டே கேள்விதான். செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? செய்யாவிட்டால் பொருள் கெடுமா? இரண்டுக்கும் ஆம் என்று வந்தால் கை வைப்பேன்.

இருபதாம் நூற்றாண்டுக் கைத்துப்பாக்கிகளிலும் இதே கதைதான், கணக்கு மட்டும் இன்னும் கறாராக இருக்கும். ஜெர்மன் ராணுவம் 1908இல் எடுத்துக்கொண்ட லூகரை வைத்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பெரிய சேகரிப்பு உலகமே இருக்கிறது. அதன் சின்னச் சின்னப் பாகங்களில்கூடத் துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். விசை, பூட்டுத் துண்டு போன்ற சிறு பாகங்கள் 1930களின் நடுப்பகுதி வரை வைக்கோல் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சூடேற்றிப் பதப்படுத்தும்போது வரும் நிறம் அது. புதுப்பிக்கிறேன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கருநீலச் சாயம் ஏற்றியவர்களால் எத்தனையோ நல்ல லூகர்கள் பாதி விலைக்கும் கீழே போயின. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகள் கைப்பற்றியவற்றையும் அவர்களே மொத்தமாகக் கறுப்பேற்றி, எண்களை மாற்றி எழுதிவைத்தார்கள். ஆனால் அந்தக் கறுப்பு, போர் வரலாற்றின் ஒரு பகுதி. அதைச் சுரண்டி அசல் நிறம் கொண்டுவரப் பார்ப்பதும் தவறுதான். லூகரின் குழல் அளவான 9 மில்லிமீட்டர் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட அளவு என்பதால் நமக்கு லூகர் ஆசை வேண்டாம்.

சேகரிக்க ஆரம்பிப்பதைப் பற்றி. வாங்குவதற்கு முன்னால் ஒரு வருஷம் பாருங்கள். சென்னையில் கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது, 1948இல் திறந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. அசல் முத்திரை எவ்வளவு ஆழம், ஓரம் எவ்வளவு கூர்மை என்று கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏனென்றால் கும்பினிச் சிங்கத்தைப் போட்ட போலிகள் ஏராளம். ஆப்கானிஸ்தான் சந்தைகளில் அவற்றைச் செய்தே பிழைப்பவர்கள் உண்டு. சிங்கம் நாய்போல இருந்தாலோ, எழுத்து திரும்பியிருந்தாலோ, சிங்கத்துக்குப் பக்கத்தில் 1808க்கு முந்தைய ஆண்டு இருந்தாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நூறு வருஷம் கடந்த பொருளுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்குக் கொடுத்தனுப்பலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

குழல் காலி என்று உறுதியாகி, அலுவலகத்திலும் பேசி முடித்த பிறகு, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத் தகட்டை ஒருமுறை கழற்றச் சொல்லுங்கள். திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும்படி தேய்த்த திருப்புளி வேண்டும். இரண்டு திருகாணிகளையும் முழுக்கக் கழற்றாமல் மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினால் தகடு தானாக மேலே எழும்பும். நெம்பினால் கட்டையின் ஓரம் பெயர்ந்துவிடும். தகட்டின் உட்பக்கம் வெயிலும் கையும் படாத இடம். செய்தவரின் முதலெழுத்துகளோ, பாகங்களைச் சேர்க்கும்போது அடையாளத்துக்கு அரத்தால் போட்ட இரண்டு மூன்று கீறல்களோ அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். எதையும் துடைக்காமல், சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். அந்தக் கீறல்கள் திருகாணிகளிலும் இருந்து, குதிரையில் மட்டும் இல்லை என்றால், ஊர்க் கொல்லரைப் பற்றி நான் நினைப்பது சரியாக இருக்கலாம்.